வீட்டில் மூன்று பேருக்கும் ‘ஹார்மோன் கோளாறு’: எல்லாம் ஒன்றுதானா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மன்னார்குடிப் பக்கம் உங்கள் வீடு. அம்மாவுக்கு 48 வயது, தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறார், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 7.8 வந்திருக்கிறது. அப்பா சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். 17 வயதுத் தங்கைக்கு மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப்போகிறது. ஸ்கேன் எடுத்த இடத்தில் பிசிஓடி (ஊரில் ‘நீர்க்கட்டி’ என்பது) என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றுக்கும் ஊரில் ஒரே பெயர், ஹார்மோன் கோளாறு. எல்லாவற்றுக்கும் பிராய்லர் கோழிதான் காரணம் என்கிறார் முழங்கால் வலியோடு திண்ணையில் இருக்கும் பாட்டி. லேப்காரர் ‘ஃபுல் ஹார்மோன் பேக்கேஜ்’ தள்ளுபடியில் இருக்கிறது, குடும்பத்தோடு எடுத்துவிடுங்கள் என்கிறார். ஹார்மோன் என்றால் என்ன என்று கேள்வியைத் தொடங்கியிருந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, மூன்றும் ஒரே நோயா, பேக்கேஜுக்குப் பணம் கட்டலாமா என்பதுதான்.

ஒரே நோய் இல்லை, பேக்கேஜும் வேண்டாம். ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் தஞ்சாவூரில் படித்து டெல்டாவிலேயே தொழில் செய்கிற பொது மருத்துவன். ஹார்மோன் நிபுணர் இல்லை. உங்கள் வீட்டு ஆட்களை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே பொதுவாக உறுதியானதை உறுதியாகச் சொல்கிறேன், ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிற இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

உடம்பின் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, தூரத்தில் இருக்கிற வேறொரு உறுப்பை வேலை செய்ய வைக்கிற ரசாயனம்தான் ஹார்மோன். நரம்பு இல்லாமலே இப்படி ஒரு தகவல் போக முடியும் என்பதை 1902ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் காட்டினார்கள். குடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அந்தக் குடலில் அமிலத்தை விட்டார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. ரத்தம் வழியாகத்தான் சேதி போயிருக்க வேண்டும் என்று ஆனது. இன்றைக்கு மூளையின் அடியில் அரை கிராம் எடையில் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரி, கழுத்தில் தைராய்டு, அதன் பின்னால் கால்சியத்தைக் கவனிக்கும் நான்கு பாராதைராய்டுகள், சிறுநீரகத்தின் மேல் அட்ரினல், கணையம், சினைப்பை, விரை என்று பள்ளிப் புத்தகமே வரிசை சொல்கிறது. அந்த வரிசையில் வராதவையும் உண்டு. தொப்பைக் கொழுப்பு ஹார்மோன் சுரக்கிறது, வயிறு சுரக்கிறது, சிறுநீரகம் சுரக்கிறது, கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பத்து மாதத்துக்கு ஒரு தற்காலிகச் சுரப்பியாகவே இருக்கிறது.

இதில் ஒரு பிரிவினையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பாட்டியின் பிராய்லர் வரைக்கும் உதவும். சில ஹார்மோன்கள் புரதம்: இன்சுலின், வளர்ச்சி ஹார்மோன், ஆக்சிடோசின் எல்லாம் இந்த வகை. வாயில் போட்டால் சாப்பிட்ட பருப்பைப் போலவே வயிற்றில் செரித்துவிடும். தைராய்டு ஹார்மோனும் ஸ்டீராய்டு வகை ஹார்மோன்களும் சிறிய மூலக்கூறுகள். விழுங்கினாலும் குடல் வழியாக ரத்தத்தில் ஏறிவிடும். உங்கள் அம்மாவுக்கு மாத்திரை, அப்பாவுக்கு ஊசி என்று ஆனதற்குக் காரணம் இது. 1922ல் டொரான்டோவில் முதன்முதலாக ஒரு பையனுக்கு இன்சுலின் போட்டபோதும் ஊசிதான், இன்றும் பெரும்பாலும் ஊசிதான்.

அடுத்தது, யார் எவ்வளவு சுரக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது. டெல்டாவில் பிறந்தவருக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, கிளை வாய்க்கால் மதகு தாண்டி கடைமடைக்குப் போகிறது. கடைமடையில் பயிர் காய்கிறது என்று தகவல் போனால் மேலே கூடுதலாகத் திறக்க வேண்டும். வயல் நிரம்பிவிட்டால் குறைக்க வேண்டும். மூளைக்குள் இருக்கும் ஹைப்போதலாமஸை மேட்டூர் என்றும் பிட்யூட்டரியைக் கல்லணை என்றும் தைராய்டைக் கிளை வாய்க்கால் மதகு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பிட்யூட்டரி தைராய்டை நோக்கித் திறந்துவிடுவதுதான் டிஎஸ்ஹெச். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டிஎஸ்ஹெச் ஏறும், கூடினால் இறங்கும். உடம்பில் அந்தத் தகவல் தவறாமல் போய்ச் சேர்ந்து தவறாமல் நடவடிக்கையும் ஆகிறது. அந்த ஒரு விஷயத்தில் நம் பாசன நிர்வாகத்தைவிட உடம்பு மேல். மேலே முழுசாகத் திறந்துவிட்டும் கடைமடை காய்கிறது என்றால் மதகில்தான் பழுது, அதாவது தைராய்டில். கடைமடையும் காய்ந்து, மேலேயும் திறக்கவில்லை என்றால் கோளாறு பிட்யூட்டரியில். இது அரிது, ஆனால் உண்டு; அந்த ஆளுக்கு டிஎஸ்ஹெச் மட்டும் எடுத்துப் பார்த்தால் ‘நார்மல்’ என்றே வரலாம். ஒரே ஒரு இடத்தில் இந்த உவமை உதவாது. ஹார்மோன் தனி வாய்க்காலில் ஓடுவதில்லை, ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி உள்ள செல் மட்டும் வாங்கும், மற்றது கண்டுகொள்ளாது.

அம்மாவின் 7.8க்கு வருகிறேன். பெரும்பாலான லேப்களில் மேல் எல்லை 4 அல்லது 4.5 என்று போட்டிருப்பார்கள். மாத்திரை சாப்பிட்டும் 7.8 என்றால், டோஸ் போதவில்லை, அல்லது டோஸ் போதும், உடம்பில் ஏறவில்லை. என் அனுபவத்தில் இரண்டாவதை முதலில் கேட்டுவிடுவது நல்லது. கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். “வெறும் வயிற்றில்தானே சாப்பிடுறீங்க?” என்றால் எல்லோரும் “ஆமாங்க டாக்டர்” என்பார்கள். “காலையில எந்திரிச்சதும் முதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்டால், “காப்பியப் போட்டு, அதோடயே மாத்திரையையும் முழுங்கிடுவேன்” என்று வரும். காப்பி இந்த மாத்திரை குடலில் ஏறுவதைக் கெடுக்கும், பாலும்தான். வெறும் தண்ணீரில் விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. கும்பகோணம் டிகிரி காப்பிக்கும் விதிவிலக்கு கிடையாது. இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் நாலு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். நடுத்தர வயதுப் பெண்களுக்கு இந்த இரண்டையும் யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள், மூன்றையும் சேர்த்துக் காலையிலேயே முடித்துவிடுவார்கள். வாயுத் தொல்லைக்கு என்று தினமும் சாப்பிடுகிற பான்டோபிரசோல் வகை மாத்திரையும் கொஞ்சம் குறைக்கும். இதையெல்லாம் சரிசெய்துவிட்டு ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்ப டிஎஸ்ஹெச் எடுத்தால்தான் உண்மை தெரியும். மாத்திரையில் இருக்கும் தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் பிடிக்கும். பத்து நாளில் திரும்ப எடுப்பது காசுக்குக் கேடு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சில லேப் முறைகளில் அது தைராய்டு எண்களையே பொய்யாக மாற்றிக் காட்டும். எண் நார்மலுக்கு வந்தவுடன் ‘சரியாயிடுச்சு’ என்று மாத்திரையை நிறுத்துவதும் நம் ஊரில் வாடிக்கை. நார்மல் ஆனது மாத்திரையால். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குப் பழையபடி ஏறிவிடும்.

அம்மாவுக்கு ஏன் வந்தது? உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவது இன்று மிகப் பொதுவான காரணம். ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912ல் விவரித்தது இது. அயோடின் குறைவு முன்பு பெரிய காரணம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்னிடம் ஒரு வாதம் வைப்பார்கள்: “நாங்க கடலோரம், எங்க உப்பளத்து உப்புல இல்லாத அயோடினா?” இல்லை என்பதுதான் பதில். கடல்நீரிலிருந்து எடுத்த சாதாரண உப்பில் அயோடின் மிகச் சொற்பம். அதனால்தான் அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்கக் கூடாது என்று 2006ல் நாடு முழுக்கத் தடை வந்தது; கடைக்கு வரும்போது பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிக்கு 250. சமையலுக்குக் கல் உப்பு வாங்குகிறவர்கள் பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதற்காக அயோடின் சொட்டு மருந்து என்று தனியாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். கூடினாலும் தைராய்டு கெடும்.

அப்பாவின் கதை வேறு. அவருக்கு வந்திருப்பது பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரை என்றே எடுத்துக்கொள்கிறேன். அதில் ஆரம்பத்தில் இன்சுலின் குறைவதில்லை. சுரக்கிற இன்சுலினை செல்கள் மதிப்பதில்லை. கணையம் ஈடுகட்டக் கூடுதலாகச் சுரந்து சுரந்து, சில வருஷத்தில் ஓய்ந்துபோகிறது. ஊசி தேவைப்படுவது அந்தக் கட்டத்தில். ‘ஊசி போட ஆரம்பித்தால் முடிந்தது’ என்று பயப்பட ஒன்றுமில்லை. அவருக்கு இன்சுலின் அளவையோ வேறு ஹார்மோனையோ அளந்து ஆகப்போவதும் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கண் பரிசோதனை, பாதம், இவற்றில் காசு போடுங்கள்.

தங்கைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். நோய் பெரிது என்பதால் இல்லை, முத்திரை அவசரமாகக் குத்தப்பட்டிருக்கிறது என்பதால். பிசிஓடி, பிசிஓஎஸ் என்று சொல்வதில் மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் கூடுதல் (முகத்தில் கடினமான முடி, அடங்காத பரு, அல்லது ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏற்றம்), சினைப்பையில் நிறைய சிறு பைகள் என்று மூன்று அடையாளங்கள் பார்ப்போம். பெரிய பெண்களுக்கு மூன்றில் இரண்டு இருந்தால் போதும். வயதுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று 2023ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. காரணம், அந்த வயதில் நல்ல ஆரோக்கியமான சினைப்பையும் அப்படித்தான் தெரியும். முதல் இரண்டு அடையாளமும் இருந்தால்தான் பிசிஓஎஸ். ஊரில் ‘கருப்பையில் நீர்க்கட்டி’ என்று சொல்வதைக் கேட்டு அறுவை சிகிச்சை வேண்டுமா என்று அழுதுகொண்டு வருகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அவை கருப்பையில் இல்லை, அறுத்து எடுக்கிற கட்டியும் இல்லை. வளர ஆரம்பித்துப் பாதியில் நின்ற சினைமுட்டைப் பைகள்.

அதற்காக அவளை அப்படியே விட்டுவிடலாம் என்றும் சொல்லவில்லை. வயதுக்கு வந்து மூன்று வருஷம் தாண்டியவளுக்கு 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவது வழக்கமாகவே இருந்தால், அல்லது ஒரு தடவையாவது 90 நாள் தாண்டினால், காரணம் தேட வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன், சர்க்கரை என்று சில பரிசோதனைகளை அவளைப் பார்க்கிற மருத்துவர் கேட்பார். எடை திடீரென்று ஏறியதா, குறைந்ததா, பரீட்சைப் படிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்பார். சில கேள்விகளை அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்பார், கோபப்பட வேண்டாம். பிசிஓஎஸ் என்றே உறுதியானால், அப்பாவின் சர்க்கரையோடு அதற்கு ஓர் உறவு உண்டு. செல்கள் இன்சுலினை மதிக்காதபோது கூடுதலாகச் சுரக்கிற இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. மூன்றும் ஒன்றா என்ற உங்கள் சந்தேகம் இந்த இடத்தில் மட்டும் பாதி சரி. எடை கூடுதலாக இருந்தால் சிறிதளவு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்குகிறது. ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால் ‘குண்டு’ என்று குற்றம் சொல்வது நியாயமில்லை. ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்பது பொய். ‘குழந்தையே பிறக்காது’ என்பதும் பொய். சிலருக்குக் கருத்தரிக்கக் கொஞ்சம் மருந்து உதவி வேண்டியிருக்கும், அவ்வளவே.

பிராய்லர் விஷயத்தில் பாட்டியை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். 1950களில் அமெரிக்காவில் கோழிக்கு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் நிஜமாகவே வைத்தார்கள்; 1959ல் நிறுத்தினார்கள். ஆக, சந்தேகத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. இன்றைக்குப் பண்ணைக் கோழி ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ வருவது இனத் தேர்வாலும் தீவனத்தாலும். வளர்ச்சி ஹார்மோன் புரதம் என்று மேலே சொன்னேனே, அதைத் தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துவிடும். ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினமும் ஊசி போட எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. மாட்டுக்குப் பால் இறங்க ஆக்சிடோசின் ஊசி போடுவதும் இப்படித்தான்: அது மாட்டுக்குச் செய்கிற கொடுமை, தடுக்க வேண்டியது, ஆனால் பாலோடு நம் வயிற்றுக்குள் வந்தால் செரித்துப்போகும். கோழியில் நான் உண்மையாகக் கவலைப்படுவது ஆன்டிபயாடிக். கோலிஸ்டின் என்ற கடைசி ஆயுதத்தைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019ல் தடை போட வேண்டிய நிலை வந்தது. வயலில் அடிக்கிற பூச்சிமருந்து ஹார்மோனைக் கெடுக்குமா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. சில மருந்துகள் விலங்குகளில் ஹார்மோன்களைக் குழப்புவது ஆய்வகத்தில் தெளிவு. மனிதர்களில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சம்பா வயலுக்குப் பக்கத்தில் வீடு இருப்பதால்தான் இந்தப் பெண்ணுக்கு இப்படி என்று எந்த மருத்துவராலும் இன்று சொல்ல முடியாது. மருந்தடிக்கும்போது குழந்தைகளை வயலில் விடாதீர்கள் என்று சொல்ல அந்த ஆய்வுகள் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது பேக்கேஜ். அட்ரினல் சுரக்கிற கார்டிசோல் காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடியில். நேரம் குறிக்காமல் எடுத்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. சினைப்பையை இயக்கும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், அது சுரக்கிற ஈஸ்ட்ரஜன் எல்லாம் மாதவிலக்கின் எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்து மாறும். புரோலாக்டின் பயத்தில் ஏறும், தூக்கத்தில் ஏறும். நம் ஊரில் மிட்டாய் மாதிரி சாப்பிடுகிற கேஸ் கேப்சூல்கள் பலவற்றில் டாம்பெரிடோன் இருக்கிறது, அதுவும் புரோலாக்டினை ஏற்றும். ஏறிய அந்த எண்ணைப் பார்த்து, பிட்யூட்டரியில் கோளாறோ என்று பிறகு தலைக்கு எம்ஆர்ஐ வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்று கணக்கு. ‘நார்மல் ரேஞ்ச்’ என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரை உள்ளடக்கும்படி வரைந்த கோடு. மீதி 5 சதவீதம் பேர் ஆரோக்கியமாக இருந்துகொண்டே வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை ஒரே ஆளுக்கு எடுத்தால், எந்த நோயும் இல்லாமலே ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். அதோடு எங்களிடம் வருவார்கள், நாங்கள் இன்னும் நாலு எழுதுவோம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பாட்டியின் முழங்கால் வலிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள். டெல்டாவில் நான் பார்த்த ஹார்மோன் கேடுகளில் மிக மோசமானவை, மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கின சின்ன மாத்திரையால் வந்தவை. நடவு, களையெடுப்பு என்று குனிந்தே வேலை செய்த பெண்கள் முழங்கால் வலிக்கு ‘செட்டு மாத்திரை’ கேட்டு வாங்குவார்கள். அதில் டெக்சாமெத்தசோனோ பெட்டாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ ஒன்று இருக்கும். மூன்றும் அட்ரினல் சுரக்கிற கார்டிசோலின் செயற்கை வடிவங்கள். பெயரில்லாத மூட்டுவலிச் சூரணங்களிலும் கலப்பது உண்டு. இரண்டு நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பு தெம்பாகும், ‘கைராசி’ என்று பெயர் வரும். மாதக்கணக்கில் போனால் முகம் உப்பி வட்டமாகும், வயிறு பெருத்துக் கைகால் சூம்பும், தோல் மெலிந்து தொட்ட இடமெல்லாம் கன்றும், சர்க்கரை ஏறும், எலும்பு பொடியும்.

அதைக் கண்டுபிடித்த வீட்டில் கோபத்தில் அன்றைக்கே அட்டையைக் குப்பையில் போடுவார்கள். அங்கேதான் ஆபத்து. வெளியிலிருந்து கார்டிசோல் தாராளமாக வந்துகொண்டிருந்ததால் பிட்யூட்டரி தன் பக்கத்தை அடைத்துவிட்டது, அட்ரினலும் சுருங்கிப்போயிருக்கும். சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குதல் என்று உயிருக்கே ஆபத்து வரலாம், அதிலும் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால். ஆகவே பாட்டியின் மாத்திரையில் அந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் நிறுத்தாமல், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார், ஒரு நாளைக்கு எத்தனை என்று எழுதிக் கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் கணக்கை அங்கே போட்டுத் தருவார்கள்.